இரண்டடி மூன்று அங்குலம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு எங்கள் வீட்டில் காரியம் கெடத் தொடங்கியது. நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். சித்தப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டியிருந்தார். அது முழங்கை வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. டேப் ரிக்கார்டரின் பொத்தானை அழுத்துவது.

இப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயதாகிறது. மயிலாப்பூரை விட்டு அடையாறுக்கு வந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. நேற்று என் மகளுக்கு வரன் பார்ப்பதற்காக அவளுடைய விவரங்களைக் கணினியில் தட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயதில் அவளுக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. அந்த ஒரு வரியை எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். பின்னால் வந்து நின்ற மகள், "அம்மா, இப்பத்தானே ஒரு லைன் இருந்தது, எங்க போச்சு?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் பதில் தேடாமல் கணினியை மூடிவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் ஐந்து பேர் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, தங்கையான அத்தை. சித்தப்பா வங்கியில் வேலை பார்த்தார். அது ஊருக்கு. உண்மையில் அவர் வேலை பார்த்தது ஒலிபெருக்கிகளுக்கு. என் இடுப்பு உயரத்தில் இரண்டு மரப்பெட்டிகள் செய்வித்து, கூடத்தில் வைத்து, ஞாயிறுதோறும் அவற்றை அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். நகர்த்திவிட்டு ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பிறகு எழுந்து மறுபடி நகர்த்துவார். அவர் பாட்டை முழுசாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அத்தைக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பத்தொன்பது வயதில் கழுத்தில் ஓர் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்னால் நன்றாகப் பாடுவாளாம். ஆபரேஷனுக்குப் பிறகு குரல் தாழ்ந்து, கரகரத்துவிட்டது. எனக்கு அந்தக் குரல்தான் தெரியும். அதில்தான் எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். கழுத்துத் தழும்பு தெரியாமலிருக்க எப்போதும் கழுத்தை ஒட்டி ஒரு முத்துமாலை போட்டிருப்பாள்.

ஆனால் அப்பா ஒவ்வொரு வரனுக்கும் அனுப்பிய விவரக் குறிப்பில் 'நன்றாகப் பாடுவாள்' என்ற வரி தவறாமல் இருந்தது. எங்கள் வீட்டில் பெண்ணுக்கு நட்சத்திரம் எழுதுவதுபோல அதையும் எழுதிவிடுவார்கள். ஏழு பேர் பார்த்துவிட்டுப் போனார்கள். பாடச் சொல்லும்போதெல்லாம் எங்கள் வீட்டில் 'ஜலதோஷம்' என்று சொல்லிச் சமாளித்தார்கள். எட்டாவதாக வரப்போகிற தி. நகர்க்காரர்கள் முன்கூட்டியே எழுதிவிட்டார்கள். பையனின் அம்மாவுக்குச் சங்கீதம் என்றால் உயிர், பெண் ஒரு பாட்டாவது பாட வேண்டும்.

அப்பா கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். "இதுவும் போச்சு."

"போகாது அண்ணா," என்றார் சித்தப்பா. "அவ பாடின டேப் என்கிட்ட இருக்கு. பத்தொன்பது வயசுல நானே எடுத்தது."

"டேப்பையா போட்டுக் காட்டுவே?"

"காட்டுவேனா? கேக்க வைப்பேன். பொண்ணுக்குக் கூச்சம், உள்ளேர்ந்து பாடறான்னு சொல்லிடலாம். ஸ்பீக்கர் ரூமுக்குள்ள, திரைக்குப் பின்னால. ஒத்தருக்கும் தெரியாது."

"இது பொய் இல்லையாடா?"

"எது பொய்? வேற யாரோட குரலையாவது போடறேனா? இவ குரல்தானே? கொஞ்சம் பழசு, அவ்வளவுதான்."

அப்பா கடிதத்தை மறுபடி பிரித்துப் படித்தார். அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "என்னமோ பண்ணுங்கோ," என்று மட்டும் சொன்னாள். அதைச் சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை நடந்தது. பெட்டிகளைச் செய்து கொடுத்த மெக்கானிக் பாய் திருவல்லிக்கேணியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து ஒரு பெட்டியை அறைக்குள் தூக்கி வைத்தார். சித்தப்பா டேப்பை ஓட விட்டுக் கூடத்துக்கு ஓடினார். அத்தையின் குரல் தரைக்கு அடியிலிருந்து வந்தது. யாரோ அவளைப் பள்ளம் தோண்டி இறக்கிவிட்டதுபோல.

பாய் சிரித்தார். "இன்னா சார், பொட்டிய தரையில வெச்சிகினு பொம்பள கொரலு கேட்டா எப்டி? கீழ கீறது பேஸு, தடிச்ச சத்தம். கொரலு மேல கீற சின்ன கோன்லதான் வருது. வாய் எந்த ஒயரத்துல கீதோ, அந்த ஒயரத்துக்குக் கோன ஏத்து."

"வாய் உயரமா!" சித்தப்பாவுக்குக் கண் மின்னியது.

"ஆமா. இன்னாத்துக்கு சார் இதெல்லாம்?"

"ஒரு நாடகம் பாய்."

"நாடகமா? டிக்கெட்டு இருந்தா சொல்லு, நானும் வரேன்," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிப் போனார்.

அத்தையைச் சம்மணமிட்டு உட்காரச் சொன்னார்கள். அம்மாவின் தையல் மெஷினிலிருந்த இஞ்சி டேப்பை எடுத்து வந்து, தரையிலிருந்து அவள் உதடு வரை சித்தப்பா அளந்தார். இரண்டடி மூன்று அங்குலம். பெட்டியின் சின்ன கோன், அதாவது குரல் வருகிற காகிதக் கூம்பு, அதற்கு ஐந்து அங்குலம் கீழே இருந்தது. மூன்று மணைகளை அடுக்கினார்கள். போதவில்லை. அவற்றின் மேல் ஒரு டெலிபோன் டைரக்டரியை வைத்ததும் கோன் உதட்டுக்கு நேராக வந்தது.

இப்போது என் வேலை. பையனின் அம்மா உட்காரப்போகிற நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். "கண்ணை மூடிக்கோ. அத்தை எங்க உக்காந்து பாடறாளோ அங்க கையைக் காட்டு," என்றார் சித்தப்பா. நான் கையைக் காட்டினேன். கை திரையைக் காட்டியது. அது தப்பாம். பெட்டி வாசலைப் பார்த்து நேராக நிற்பதால் குரல் திரையில் வந்து அறைகிறதாம்.

"வெக்கப்படற பொண்ணு வாசலைப் பார்த்து வாயைத் திறந்து பாடுவாளோ?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார் சித்தப்பா. "சுவத்தைப் பார்த்துன்னா பாடுவா!" பெட்டியைச் சுவரை நோக்கிச் சற்றுத் திருப்பினார். குரல் சுவரில் பட்டுத் திரும்பி, மெத்தென்று வந்தது. இன்னும் ஒரு குறை. மேல் ஸ்தாயியில் அத்தை முகத்தை நிமிர்த்துவாளாம். பெட்டியும் சற்று நிமிர வேண்டும். முன்பக்கம் அடியில் முட்டுக்கொடுக்க எதுவும் சரியாக அமையவில்லை. கடைசியில் பஞ்சாங்கம் அமைந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள், ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

மறுபடி கண்ணை மூடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், உள்ளே ஒரு பெண் பாயில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்து, வெட்கப்பட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். கோதுமை நிறக் குரல். நான் கையைக் காட்டினேன். விரல் அத்தை உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராகப் போய் நின்றது. சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். அப்பாவே சிரித்துவிட்டார்.

கண்ணைத் திறந்தபோது அத்தை பெட்டிக்குப் பக்கத்தில் அதே சம்மணத்தோடு உட்கார்ந்து, கோனையே பார்த்துக்கொண்டிருந்தது திரை இடுக்கில் தெரிந்தது. பெட்டியும் அவளும் ஒரே உயரத்தில் இருந்தார்கள்.

மறுநாள் காலையில் எனக்குத் தலை பின்னிவிடும்போது அத்தை கேட்டாள். "பொத்தானை நீதானே அழுத்தப் போறே?"

"ஆமா. பாட்டு முடிஞ்சா நிறுத்தணும். நடுவுல ஏதாவது ஆனாலும் நிறுத்தணும்னு சித்தப்பா சொல்லியிருக்கார்."

"அழுத்தினதும் கையை எடுத்துடு. அப்புறம் என்ன ஆனாலும் அதைத் தொடாதே. ஓடிண்டு இருக்கறச்சே தொட்டா ஷாக் அடிக்கும்."

"சித்தப்பா அதைச் சொல்லவே இல்லையே?"

"மறந்திருப்பார்," என்றாள் அத்தை. கணக்கு டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பத்தேகாலுக்கு வந்தார்கள். பையன், அவருடைய அப்பா, அம்மா. பையன் என்று சொன்னார்களே தவிர எனக்கு அவர் பெரிய மாமாவாகத்தான் தெரிந்தார். கண்ணாடி போட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். பஜ்ஜியும் கேசரியும் உள்ளே போயின. பையனின் அம்மா, "பாட்டு கேட்டுட்டு அப்புறம் காபி," என்றார். அப்பா தொண்டையைச் செருமி, பெண்ணுக்குக் கூச்சம், உள்ளிருந்து பாடுவாள் என்றார். "அதுவும் அழகுதான்," என்றார் அந்த மாமி.

பத்து நாற்பதுக்குச் சித்தப்பா இரண்டு முறை இருமினார். அதுதான் எனக்குச் சைகை. அழுத்தினேன். கையை எடுத்தேன். எடுத்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

பாட்டு ஆரம்பித்தது. "ஆஹா," என்றார் மாமி கூடத்தில். அறையில் நானும் அத்தையும் மட்டும். எங்களுக்குப் பக்கத்தில் ஸ்டூலின் மேல் காபித் தட்டு தயாராக இருந்தது. பாட்டு முடிந்து ஒரு நிமிடம் கழித்து அத்தை அதை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். அவள் கண்ணை மூடியிருந்தாள். பல்லவி முடிந்து குரல் மேலே ஏறிய இடத்தில் அவள் முகமும் நிமிர்ந்தது. பஞ்சாங்கம் வைத்த சாய்வு சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நாற்பத்திரண்டு. அத்தை எழுந்துவிட்டாள்.

முத்துமாலையைக் கழற்றிப் பெட்டியின் மேல் வைத்தாள். தட்டை எடுத்தாள். பாட்டு இன்னும் முடியவில்லை என்று நான் கையால் சைகை காட்டினேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, திரையை முழங்கையால் விலக்கிக்கொண்டு கூடத்துக்குள் நடந்தாள்.

உள்ளே அவள் பாடிக்கொண்டிருந்தாள். வெளியே அவள் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. அத்தை மறந்துவிட்டாள். நேரத்தை மறந்தாள், மாலையையும் மறந்தாள். பொத்தானைத் தொட்டால் ஷாக் அடிக்கும், மாலையைத் தொட்டால் அடிக்காது. எனவே என்னால் முடிந்ததைச் செய்தேன். மாலையை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடி, கூடத்தின் நடுவில் நின்று கத்தினேன். "அத்தை, மாலையை மறந்துட்டே! தழும்பு தெரியறது!"

அந்தக் கூடத்தில் அதற்குப் பிறகு பாட்டு மட்டும்தான் கேட்டது.

"யார் பாடறா உள்ளே?" என்றார் மாமி.

"நான்தான் மாமி," என்றாள் அத்தை, தன் கரகரத்த குரலில். "பத்தொன்பது வயசுல பாடினது. அப்புறம் கழுத்துல ஆபரேஷன் ஆச்சு. இப்போ பாட்டு வராது. இதுதான் என் குரல். காபி ஆறிடும், எடுத்துக்கோங்கோ."

சித்தப்பா பாய்ந்து உள்ளே போய், பொத்தானைத் தேடாமல் பிளக்கையே பிடுங்கினார். பாட்டு உடனே நிற்கவில்லை. டேப்பின் வேகம் குறைய, குரல் இழுத்து, தாழ்ந்து, கரகரத்து, அப்புறம்தான் நின்றது. ஒரு வினாடி அது இப்போதைய அத்தையின் குரல் போலவே இருந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மாமி எழுந்தார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றார் மாமி. "பொண்ணைப் பார்க்க வந்தோம். நீங்க பொட்டியைக் காட்டினேள்." செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அவருடைய கணவரும் பின்னால் போனார். பையன் மட்டும் நின்றபடியே காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரை, போதும் என்பதுபோல் டபராவுக்குள் கவிழ்க்காமல், நேராக வைத்தார். பிறகு அவரும் போனார்.

அப்பா அன்று சாப்பிடவில்லை. அம்மா சாப்பிட்டதாகச் சொன்னாள். சித்தப்பா மட்டும், "உயரம் சரியாத்தான் இருந்தது. 'ஆஹா'ன்னு சொன்னாளா இல்லையா?" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அழுதேன். எட்டாவது வரனையும் நான்தான் விரட்டினேன், தழும்பு விஷயத்தை நான்தான் உடைத்தேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. அத்தை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சேப்பங்கிழங்கு ரோஸ்ட்டோடு இரண்டு தரம் சாதம் போட்டுச் சாப்பிட்டாள். அவள் அவ்வளவு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"ஷாக் அடிக்கலையே?" என்று கேட்டாள்.

"இல்லை. நான் தொடவே இல்லை."

"சமத்து," என்றாள்.

பல வருஷங்கள், எனக்குக் கல்யாணமாகி டேப் ரிக்கார்டர்களே வழக்கொழிந்து போகும் வரை, ஓடுகிற டேப் ரிக்கார்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று நான் நம்பினேன். ஒரு நாள் அடையாறு வீட்டில் பழைய சாமான்களை ஒழிக்கும்போது, கையில் பழைய டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு திடீரென்று உட்கார்ந்துவிட்டேன். அத்தை அன்று எதையும் மறக்கவில்லை என்று எனக்குத் தெரிய அவ்வளவு காலம் ஆயிற்று. அப்படியும் நேற்று அந்த வரியை இரண்டு முறை அழித்தேன். இன்று காலை அதை எழுதி, அனுப்பியும் விட்டேன். அனுப்பிய பிறகு கையை எடுத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசல் மணி அடித்தது. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "ராகு காலத்துல யாரு?" அம்மா சரிபார்க்கப் பஞ்சாங்கத்தைத் தேடினாள். அது பெட்டிக்கு அடியில்தான் இருந்தது.

கதவைத் திறந்தது நான். பையன் தனியாக நின்றிருந்தார். சட்டைப் பையில் அதே இரண்டு பேனா. அப்பா எழுந்து நின்றார். சித்தப்பா திரைக்குள் மறைந்தார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்," என்றார் அவர். "காலைல பாட்டு பாதில நின்னுடுத்து. மிச்சத்தையும் கேட்டுட்டுப் போகலாமான்னு வந்தேன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றாள். கழுத்தில் மாலை இல்லை. "கேக்கலாம்," என்றாள். "ஆனா அது என் வாய் உயரத்துக்கு வெச்சிருக்கு. உங்க காது உயரத்துக்கு மாத்தணும்."

அதுவரை மறைந்திருந்த சித்தப்பா இஞ்சி டேப்போடு குதித்து வந்தார். அத்தை அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பையன் நாற்காலியில் உட்கார, தரையிலிருந்து அவர் காது வரை அவளே அளந்தாள். "மூணடி எட்டு," என்றாள். சித்தப்பாவும் அப்பாவும் பெட்டியைக் கூடத்துக்குத் தூக்கி வந்து, டிரங்குப் பெட்டியின் மேல் ஏற்றினார்கள். இந்த முறை சுவரைப் பார்க்க வேண்டியதில்லை. நேராக வைத்தார்கள். அம்மா பஞ்சாங்கத்தை எடுத்துத் துடைத்து, பிரித்துப் பார்க்காமலே அலமாரியில் வைத்தாள்.

பொத்தானை நான் அழுத்தினேன். அந்தப் பாட்டும் அதற்கு அடுத்த நான்கு பாட்டுகளும் ஓடின. அத்தை எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெரியவர்கள் ஒவ்வொருவராகச் சமையலறைக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து என்னை மூன்று முறை கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. டேப் என் பொறுப்பு. மேலும் அவர் வந்திருப்பது பாட்டுக் கேட்க. நடுவில் ஏதாவது ஆனால் யார் பார்ப்பது?

கடைசியில் டக்கென்று டேப் நின்றது. வேலை முடிந்தது என்று எழுந்தேன்.

"அந்தப் பக்கம்?" என்று கேட்டார் அவர்.

"அந்தப் பக்கம் காலி," என்றேன். "ஒண்ணுமே இல்லை. வெறும் உஸ்ஸுன்னு சத்தம்தான் வரும். அரை மணி நேரம்."

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும், நன்றாகப் படித்து, கண்ணாடியும் போட்டிருக்கிற ஒரு மனிதர் ஏன் எழுந்து போகவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அவர் அத்தையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"பரவாயில்லை. அதையும் போடு."